சம்பளச் சீட்டைக் கேட்டோம், புகைப்படங்கள் வந்தன

ஜீவனாம்ச வழக்கு ஒன்றில் எதிர்த்தரப்பு தாக்கல் செய்த ஆவணங்களின் நகலை எங்கள் வக்கீல் போன மாதம் கொடுத்தார். இருபத்து மூன்று புகைப்படங்கள், ஒரு பென்டிரைவ், சேலத்திலிருந்து இயங்கும் ஒரு டிடெக்டிவ் ஏஜென்சியின் பதினோரு பக்க அறிக்கை. ஒவ்வொரு படத்துக்கும் தேதி, நேரம், இடம் எல்லாம் ஒழுங்காகக் குறித்திருந்தார்கள். காவல்துறை நம் வழக்குகளில் ஒரு மகஜரை இவ்வளவு ஒழுங்காகத் தயாரித்து நாங்கள் பார்த்ததில்லை.

மூன்றாவது படம், அரூர் பேருந்து நிலையத்தில் ஒரு டீக்கடை வாசல். அந்தப் பெண்ணோடு நின்று பேசிக்கொண்டிருப்பவர் எங்களில் ஒருவர். அவர் நீட்டும் கவரில் இருந்தது அந்தப் பெண்ணின் வழக்கு மனு நகல். அறிக்கையில் அது இப்படி வருகிறது: அடையாளம் தெரியாத ஓர் ஆணுடன் சுமார் இருபது நிமிடம் நெருக்கமாகப் பேசினார், அவரிடமிருந்து ஒரு கவரைப் பெற்றுக்கொண்டார்.

முதலில் சிரித்துவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான், மீதி இருபத்திரண்டு படங்களில் இருப்பவர்களால் அப்படிச் சிரிக்க முடியாது என்பது உறைத்தது.

வழக்கு சாதாரணமானது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்துவிட்டுச் சொல்கிறோம். பெண் காலனி. கணவர் ஊர்த்தெரு, ஆதிக்கச் சாதி. காதலித்து ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள், பதிவு செய்யவில்லை. ஒரு பெண் குழந்தை. நான்கு வருடம் ஓசூரில் குடித்தனம். பிறகு அவருடைய வீட்டார் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பெண் குழந்தையோடு தாய் வீட்டுக்கு வந்து, ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி வேனில் தினமும் வேலைக்குப் போய்வருகிறார். தனக்கும் குழந்தைக்கும் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டிருக்கிறார்.

நாங்கள் கேட்டது ஒன்றுதான். அவர் ஓசூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் சூப்பர்வைசர். அவருடைய சம்பளச் சீட்டைத் தாக்கல் செய்யட்டும். எதிர்மனுவில் அவர் சொன்னது, வேலையை விட்டுவிட்டேன், கூலிக்குப் போகிறேன், மாதம் 8,000 ரூபாய்தான் வருமானம் என்பது. சம்பளச் சீட்டு வரவில்லை. புகைப்படங்கள் வந்தன.

ஏன் புகைப்படங்கள் வருகின்றன என்பதைச் சட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவாகிவிட்டது. எண் மாறியதே தவிர உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. மனைவி, குழந்தை, வயதான பெற்றோர் ஆகியோரைப் பராமரிக்க வசதியிருந்தும் ஒருவர் மறுத்தால் மாதாமாதம் பணம் கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டோ குடும்பநல நீதிமன்றமோ உத்தரவிடலாம். அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: மனைவி தகாத உறவில் வாழ்ந்துகொண்டிருந்தால் அவருக்கு ஜீவனாம்சம் கிடையாது.

தகாத உறவைக் குற்றமாக வைத்திருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மனைவி கணவனின் உடைமை அல்ல என்று அந்தத் தீர்ப்பைக் கொண்டாடினோம். ஜீவனாம்சச் சட்டத்தில் மட்டும் அந்தப் பழைய கணக்கு அப்படியே இருக்கிறது. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கினால் ஓர் ஆணுக்கு மாதாமாதம் பணம் மிச்சமாகும் என்று சட்டமே சொல்லும்போது, அதற்கு ஆள் வைக்காமல் இருப்பார்களா? ஒரு முறை, இரு முறை நடந்தது என்று சொன்னால் போதாது, தொடர்ந்து அப்படி வாழ்வதைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அதனால்தான் ஒரு படம் போதாமல் இருபத்து மூன்று படங்கள்.

இப்போது அந்தப் படங்களைப் பாருங்கள். கம்பெனி வேனில் முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பது ஐந்து படங்களில். வேலை முடிந்து இரவு எட்டரைக்கு வேனிலிருந்து இறங்குவது நான்கு படங்களில். வீட்டுக்குள் ஓர் ஆண் மூட்டையோடு நுழைவது இரண்டில். அது ரேஷன் அரிசி கொண்டுவந்த அவருடைய தாய்மாமன். லைன் சூப்பர்வைசரோடு கம்பெனி கேட்டில் நிற்பது. மெடிக்கல் கடையில் நிற்பது. குழந்தையின் பள்ளிக்கூட வாசலில் ஆட்டோக்காரரோடு பேசுவது. வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணின் ஒரு வாரத்தை எடுத்தாலும் இந்தப் படங்கள் கிடைக்கும்.

எந்தப் பெண்ணுக்கும் என்று சொல்லிவிட்டோம், அது முழு உண்மையல்ல. காம்பவுண்டு சுவரும் காரும் உள்ள வீட்டுப் பெண்ணை இவ்வளவு சுலபமாகப் படம் பிடிக்க முடியாது. நம் பெண்களின் வாழ்க்கை வெளியில் நடக்கிறது. குளிக்க, தண்ணீர் பிடிக்க, வேனுக்கு நிற்க, சூளையில் கல் அறுக்க, பெங்களூரு கட்டட வேலையில் தகரக் கொட்டகையில் நான்கு குடும்பங்களோடு படுக்க. ஆண்களோடு சேர்ந்து வேலை செய்யாமல் தலித் பெண்ணுக்குக் கூலி கிடையாது. அந்தக் கூலி வேலையே அவருக்கு எதிரான சாட்சியாகிறது. கேமராவுக்கு அதில் பெரிய திறமை தேவையில்லை. மீதியைப் பார்க்கிறவர்களின் மனத்திலிருக்கும் சாதி செய்துகொள்கிறது.

அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் மேற்படி பெண்ணின் நடத்தை பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை என்று தெரியவருகிறது. நாங்கள் காலனிக்குப் போய் வீடு வீடாகக் கேட்டோம். அங்கே யாரும் வந்து விசாரிக்கவில்லை. விசாரணை நடந்தது ஊர்த்தெரு மளிகைக் கடையிலும், பால் சொசைட்டித் திண்ணையிலும். காலனியிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த இடம் எப்படி இந்தப் பெண்ணின் அக்கம்பக்கம் ஆனது? அவர் வீட்டுக்கு இடப்புறம் யார், வலப்புறம் யார் என்றுகூட அங்கிருப்பவர்களுக்குத் தெரியாது. ஊர் ஊராகவும் சேரி சேரியாகவும் இருக்கிற இடத்தில், பணம் வாங்கிக்கொண்டு வந்த ஒருவர் ஊரின் வாயை மட்டும் கேட்டு எழுதியதற்குப் பெயர் கள ஆய்வு. சமூகவியல் வகுப்பில் முதலாண்டு மாணவர் இப்படி எழுதிக்கொண்டுவந்தால் பேராசிரியர் திருப்பிக் கொடுத்திருப்பார்.

இந்த மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளை எரித்ததைப் பார்த்த மண் இது. பெண் யாரோடு போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று கணக்கெடுக்கும் கண்களுக்கு இங்கே எப்போதும் பஞ்சமில்லை. அகமணம்தான் சாதியின் உயிர், அதைக் காப்பாற்றுவதற்காகவே பெண்கள்மீது இத்தனை கட்டுப்பாடுகளும் வந்தன என்று அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தது 1916இல். நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. ஊர் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததை இப்போது ரசீது போட்டுப் பார்க்க ஏஜென்சிகள் வந்திருக்கின்றன.

எதிர்மனுவில் இன்னொரு வேடிக்கை உண்டு. முதல் மூன்று பத்திகளில் இவர் என் மனைவியே அல்ல, திருமணமே நடக்கவில்லை என்கிறார். எட்டாம் பத்தியிலிருந்து மனைவி தகாத உறவில் வாழ்கிறார், ஆகவே ஜீவனாம்சம் கிடையாது என்கிறார். ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று என்று மாற்றுவாதம் வைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, வக்கீல்கள் செய்வதுதான். ஆனாலும் மனைவியே இல்லை என்பவர் எதற்காக ஆள் வைத்துக் கற்புக்குக் கணக்குப் பார்க்க வேண்டும்? திருமணப் பதிவு இல்லாததால் பயப்பட வேண்டியதில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறோம். கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால், ஜீவனாம்ச வழக்கில் திருமணத்துக்குக் கறாரான நிரூபணம் கேட்கக் கூடாது என்று 2018இல் கமலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இப்படி ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து படம் எடுக்க யாருக்கு உரிமை இருக்கிறது? கம்பெனி கேட்டில் நிற்கும் வாட்ச்மேனை அனுப்பும் ஏஜென்சிக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும், வாட்ச்மேனின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். துப்பறியும் ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்த 2007இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது. சட்டமாகவில்லை. ஆகக் குடோனைக் காவல் காப்பவருக்கு உரிமம் தேவை, ஒரு பெண்ணின் வாழ்க்கையை வேவு பார்ப்பவருக்குத் தேவையில்லை. 2018இல் தானே காவல்துறை, கைபேசி அழைப்புப் பதிவுகளைச் சட்டவிரோதமாக வாங்கி விற்ற வலைப்பின்னலில் தனியார் துப்பறிவாளர்கள் சிலரைக் கைது செய்தது நினைவிருக்கலாம். பிடிபட்டவர்கள் அவர்கள். பிடிபடாதவர்கள் எத்தனை பேரோ!

பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு பெண்களைப் பின்தொடர்வதைக் குற்றமாக்குகிறது. அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பின்தொடர்வதோடு, பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் அவரைத் தொடர்புகொள்ள முயல வேண்டும். அப்போதுதான் முதல் பகுதி பொருந்தும். தூரத்தில் நின்று படம் எடுப்பவர் இதில் நழுவிவிடலாம். ஆனால் பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னணுத் தொடர்புகளையும் கண்காணிப்பது தனியாகவே குற்றம். குற்றத்தைத் தடுக்கவோ கண்டுபிடிக்கவோ அரசு பொறுப்பு ஒப்படைத்தவருக்கு விலக்கு உண்டு. கணவன் பணம் கொடுத்து அமர்த்தியவரிடம் அரசு எதையும் ஒப்படைக்கவில்லை. ஆகவே கணவன் வாங்கிக் கொடுத்த கைபேசியில் தெரியாத செயலி ஏதாவது இருக்கிறதா, இருப்பிடத்தை யாருக்காவது அனுப்பிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வழக்குப் போட வரும் பெண்களிடம் நாங்கள் இப்போது ஆதார் அட்டைக்கு முன்பே கைபேசியைத்தான் கேட்கிறோம்.

நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பரமக்குடியில் நடந்த விவாகரத்து வழக்கில் ஒரு கணவர் மனைவிக்குத் தெரியாமல் அவருடைய கைபேசி அழைப்பு விவரங்களை எடுத்துத் தாக்கல் செய்தார். 2024 அக்டோபர் 30 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ஏற்க முடியாது என்றார். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் சொன்னது மனைவிக்கும் பொருந்தும், அதை மீறி எடுத்த சாட்சியம் செல்லாது என்பது அந்தத் தீர்ப்பு. வேறு பல விஷயங்களில் அந்த நீதிபதியோடு நமக்குக் கடுமையான முரண்பாடு உண்டு. இந்தத் தீர்ப்பை நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டோம்.

ஒன்பது மாதம்கூட முழுதாக ஆகவில்லை. 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் விபோர் கார்க் வழக்கில், பஞ்சாபின் பட்டிண்டாவில் ஒரு கணவர் மனைவிக்குத் தெரியாமல் பதிவு செய்த தொலைபேசி உரையாடல்களைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. கணவன் மனைவிக்கு இடையிலான வழக்கில் அந்தரங்க உரிமை சாட்சியத்தைத் தடுக்காது, நியாயமான விசாரணைக்கான உரிமையும் இருக்கிறதே என்பது வாதம். ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்திருந்தால் அந்த மணவாழ்க்கை ஏற்கெனவே முறிந்துவிட்டது என்றும் சொன்னார்கள். அது கணவர் தானே பேசித் தானே பதிவு செய்த உரையாடல். கூலிக்கு ஆள் வைத்து எடுத்த படம் பற்றி அந்த வழக்கில் கேள்வி எழவில்லை. இருந்தாலும் எங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் இந்தத் தீர்ப்பைத்தான் மேற்கோள் காட்டியிருக்கிறார். இனி எல்லோரும் காட்டுவார்கள். குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்படாமல் எந்த ஆவணத்தையும் பெற்றுக்கொள்ள அந்த நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தருகிறது. கதவு அகலமானது.

நியாயமான விசாரணை என்றால் இரு தரப்புக்கும்தானே? இங்கேதான் எங்களுக்குக் கோபம் வருகிறது. மனைவியின் அந்தரங்கத்துக்கு மேலாக விசாரணையின் உண்மை நிற்கும் என்றால், கணவனின் சம்பளம் மட்டும் ஏன் இவ்வளவு பெரிய இரகசியமாக இருக்கிறது? கணவரின் சம்பளத்தை அறிய மனைவிக்கு உரிமை உண்டு என்று 2018இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் சொன்னது. 2020இல் மத்தியத் தகவல் ஆணையம், கணவரின் மொத்த வருமானத்தை மனைவிக்குத் தரும்படி வருமான வரித்துறைக்கு உத்தரவிட்டது. இப்படிச் சிறுகச் சிறுகத் திறந்த வழியை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அடைக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில், பொதுநலன் கருதித் தனிப்பட்ட தகவலைத் தரலாம் என்றிருந்த வாசகத்தை அது எடுத்துவிட்டது. ஆணின் சம்பளச் சீட்டு தனிப்பட்ட தகவல். பெண் இரவு எட்டரைக்கு வேனிலிருந்து இறங்குவது பொதுத் தகவல்.

இத்தனைக்கும் ஜீவனாம்ச வழக்கில் உண்மையிலேயே துப்பறிய வேண்டியது ஒன்று இருக்கிறது என்றால் அது வருமானம்தான். எங்கள் அனுபவத்தில் பத்து வழக்கில் ஒன்பதில் தகராறு அதில்தான். நேற்றுவரை சூப்பர்வைசராக இருந்தவர் சம்மன் வந்ததும் கூலியாகிவிடுகிறார். நிலம் தம்பி பேருக்குப் போகிறது. டிராக்டர் மாமனுடையது. இதற்காகத்தான் 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் அத்தனையையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. விவசாயம், கூலி வேலையில் இருப்பவர்களுக்கெனத் தனிப் படிவமே இருக்கிறது. எதிர்மனுதாரருக்கு நான்கு வாரம் அவகாசம். இதற்காக இரண்டுக்கு மேல் வாய்தா கேட்டு வேண்டுமென்றே இழுத்தடித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கிவிடலாம். ஜீவனாம்சத்தை மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டும். நல்ல தீர்ப்பு. நாங்கள் போகிற நீதிமன்றங்களில் எத்தனை வழக்குகளில் அந்தப் பிரமாணப் பத்திரம் ஒழுங்காக வந்திருக்கிறது என்று கேட்டால், ஒரு கை விரல்களே அதிகம்.

இங்கே நாங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்களும் துப்பறிந்திருக்கிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருவரின் வழக்கு. கணவர் நம் சாதிதான். நம் தெரு ஆண்கள் மனைவியைத் தவிக்கவிட மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் எங்கள் கோப்புகளைக் காட்டத் தயாராக இருக்கிறோம். அவர் பெங்களூருவில் மேஸ்திரி. சம்மன் மூன்று முறை, விலாசத்தில் இல்லை என்று திரும்பி வந்தது. பெண்ணின் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய், தருமபுரி ஆட்கள் கூடும் இடங்களில் ஒரு சனிக்கிழமை சம்பள நேரமாகப் பார்த்து விசாரித்தோம். கட்டடம் கட்டடமாக அலைந்து, அவர் வேலை செய்யும் இடத்தையும் தங்கியிருக்கும் வீட்டையும் கண்டுபிடித்தோம். எதிரில் ஒரு பெட்டிக்கடையில் இரண்டு மாலை நேரம் நின்றோம். அந்த வீட்டில் இன்னொரு பெண்ணும் ஒரு கைக்குழந்தையும் இருந்தார்கள்.

படம் எடுங்க, கேஸுக்கு உதவும் என்றார் தம்பி. எங்களில் ஒருவர் கைபேசியை எடுத்தும்விட்டார். இன்னொருவர் தடுத்தார். அங்கேயே சண்டை. அந்தப் பெண் என்ன செய்தாள், அவளைப் படம் எடுத்தால் நமக்கும் ஏஜென்சிக்காரனுக்கும் என்ன வித்தியாசம் என்பது ஒரு தரப்பு. இன்னொரு குடும்பம் நடத்துகிறான் என்றால் அதுவே நம் பெண் தனியாக வாழ்வதற்குச் சட்டப்படி போதுமான காரணம், சாட்சியத்தைக் கையில் கிடைத்தும் விடுவதா என்பது மறுதரப்பு. கடைசியில் கட்டடத்தின் பெயர்ப் பலகையையும் தெருப் பெயரையும் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினோம். புது விலாசத்தில் சம்மன் சேர்ந்தது. வழக்கு நடந்து மாதம் 4,000 ரூபாய் உத்தரவானது. அந்தப் படத்தை எடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று எங்களில் இரண்டு பேர் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது தவறு என்று அடித்துப் பேச எங்களால் முடியவில்லை.

அதன் பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டோம். நீதிமன்றத்தில் அவர் சத்தியம் செய்து சொல்லக் கடமைப்பட்டதை மட்டும் தேடுவது: விலாசம், வேலை, வருமானம், நிலம். யாருடன் இருக்கிறார் என்பதைத் தேடுவதில்லை. வில்லங்கச் சான்றும் பட்டாவும் அரசு இணையத்தளத்திலேயே கிடைக்கின்றன. சம்பள விவரத்தைத் தாக்கல் செய்யும்படி நிறுவனத்துக்கே உத்தரவிடக் கோரி, பழைய 91ஆவது பிரிவின்கீழ், இப்போதைய 94இன்கீழ் மனுப் போடலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுகளையும் அப்படியே வரவழைக்கலாம். இதற்குத் துப்பறிவாளர் தேவையில்லை, மனம் வைக்கிற நீதிபதியும் விடாமல் கேட்கிற வக்கீலும் போதும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வக்கீல் வருவார். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டும் கேட்கலாம்.

பெண்களும் டிடெக்டிவ் வைத்துக்கொள்ளட்டுமே, நகரங்களில் வைக்கிறார்களே என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். வைக்கிறார்கள், கணவன் மறைத்த சொத்தைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாதம் 4,000 ரூபாய்க்கு வழக்காடும் பெண் அதற்கு எங்கே போவார்? பணம் உள்ளவர் பக்கம்தான் அந்தக் கேமரா எப்போதும் நிற்கும்.

எங்கள் வழக்கில் பணக் கணக்கு கையிலேயே இருக்கிறது. அறிக்கை உண்மையானது என்று காட்டுவதற்காக எதிர்த்தரப்பு ஏஜென்சியின் ரசீதையும் கடைசிப் பக்கமாக இணைத்திருந்தது. 45,000 ரூபாய். மாதம் 8,000 சம்பாதிக்கும் கூலித் தொழிலாளி, சோறு தண்ணீர் இல்லாமல் ஐந்தரை மாதத்துக்கு மேல் சேர்த்தால்தான் இந்தத் தொகை வரும். சமரசப் பேச்சில் அவர் குழந்தைக்குத் தருவதாகச் சொன்னது மாதம் 2,000. அந்த ரசீது குழந்தையின் இருபத்திரண்டு மாதப் பால், பள்ளிக்கூடம், மருந்து. எங்கள் வக்கீல் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, இவர் வருமானத்துக்கு இதைவிட நல்ல சாட்சியம் நம்மால் கொண்டுவர முடியாது என்றார்.

இதற்கிடையில் நடந்த சேதத்துக்கு ரசீது கிடையாது. ஏஜென்சி ஆள் கம்பெனி கேட்டிலும் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். லைன் சூப்பர்வைசர் பயந்துபோய் அவரை வேறு லைனுக்கு மாற்றினார். அங்கே பீஸ் ரேட் குறைவு. வேன் டிரைவரின் மனைவி வீட்டுக்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். டீக்கடைப் படம் எப்படியோ ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருக்கிறது. நீதிமன்றத்துக்கு வர வேண்டிய படம் அங்கே எப்படிப் போனது என்று தனியாகப் புகார் கொடுத்திருக்கிறோம். படத்தில் இருக்கும் எங்கள் தோழர் இப்போது அந்தக் காலனிக்குப் போவதில்லை. வேறொரு பெண் தோழர் போய்வருகிறார்.

அந்தப் பெண்ணிடம் படங்களைக் காட்டியபோது ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார். நாங்கள் அழுவார் என்று நினைத்தோம். "எல்லாம் நான் வேலைக்குப் போறதும் வர்றதுந்தானக்கா இருக்கு. இதத்தான நானும் கோர்ட்ல சொல்றேன், வேலைக்குப் போயிதான் புள்ளய காப்பாத்தறேன்னு" என்றார். பிறகு, வேனில் முன் சீட்டு வாந்தி வருவதால் தனக்குக் கொடுத்தது என்றும், இனிமேல் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன் என்றும் சொன்னார். வேண்டாம், முன் சீட்டிலேயே உட்காருங்கள் என்றோம். எங்களுக்கு அதைச் சொல்வது சுலபம். அவர் பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

படம் எடுத்தவர் கூண்டேறிச் சாட்சி சொல்லட்டும், விசாரித்ததாகச் சொல்லும் அக்கம்பக்கத்தாரின் பெயரையும் வீட்டு எண்ணையும் சொல்லட்டும் என்று மனுப் போட்டிருக்கிறோம். நிறுவனத்திடமிருந்து சம்பளப் பதிவேட்டை வரவழைக்க இன்னொரு மனு. சொத்துப் பிரமாணப் பத்திரத்துக்காக எதிர்த்தரப்பு இதுவரை நான்கு வாய்தா வாங்கியிருக்கிறது. அடுத்தது ஐந்தாவது.